“வேலை கெடச்சிச்சா கண்ணு?” - தினமும் ஒரே கேள்வி கேட்கும் ஆயாவும், திருவண்ணாமலை கற்றுக்கொடுத்த வேலையும்!

தினமும் காலை ஏழரை மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். அம்மாவின் நம்பர்தான். ஆனால், பேசுவது ஆயா.

“கண்ணு... சாப்ட்டியா?”

“இனிமேதான் ஆயா.”

“வேலை கெடச்சிச்சா?”

“கெடச்சிடுச்சு ஆயா. மெட்ராஸ்ல, பத்திரிகையில.”

“அப்படியா! அண்ணாமலையாரே... என் வயித்துல பால வார்த்த கண்ணு. சம்பளம் ஒழுங்கா குடுப்பாங்களா?”

எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆயாவுக்கு மட்டும் அது தினமும் புதுச் செய்தி. மூன்று வருடங்களாக அவருக்கு மறதி. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். பிறகு, காலையில் சாப்பிட்டோமா என்பதே. டாக்டர் அதற்கு ‘டிமென்ஷியா’ என்று பெயர் சொன்னார். “கேட்டதையே கேப்பாங்க. கோபப்படாதீங்க. முதல் தடவை கேட்ட மாதிரியே பதில் சொல்லுங்க” என்றார்.

இப்போது அப்படிப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால், இதே கேள்வியை ஆயா தினமும் நான்கு முறை கேட்டு, நான்கு முறையும் “இன்னும் இல்ல ஆயா” என்று நான் சொன்ன இரண்டு வருடங்கள் இருந்தன. அந்த வருடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வருடம் என்ன செய்தாய்?

இதழியல் டிப்ளோமா முடித்தது 2022-ல். சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்த கையோடு, சென்னையில் ஏதாவது ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்தேன். மெயில் அனுப்பினேன். பெரும்பாலும் பதில் இல்லை. வந்த ஒன்றிரண்டு பதில்களும், ‘அனுபவம் உள்ளவர்கள்தான் தேவை’ என்றன. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியம் வராது. எனக்கும் வரவில்லை.

எங்கள் ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு யோசனைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, “எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சுட்டியா?” அடுத்தது, “குரூப் ஃபோர் எழுதேன்!”

இரண்டையும் செய்தேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத இளைஞர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. பத்தாவது தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாயில் தொடங்கி, பட்டதாரிகளுக்கு 600 ரூபாய் வரை. இந்த விவரம் எல்லாம் எனக்கு இன்றும் தலைகீழ்ப் பாடம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குரூப் ஃபோர் கதை தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குத் தெரிந்ததுதான். 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். நான் எழுதிய 2024 ஜூன் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நூலகத்தில் என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து படித்த அக்கா ஒருவர், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஆண்டுகளையும் மன்னர்களையும் எழுதி ஒட்டியிருப்பார். சாப்பிடும்போதும் படிக்க வேண்டுமாம். அவர் நான்காவது முறையாக எழுதினார். எனக்கு அது முதல் முறை. இரண்டு பேருக்கும் அந்த முறை கிடைக்கவில்லை.

கையில் காசு வேண்டுமே! தெருமுனையில் இருந்த ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு 250 ரூபாய். ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் வேலை. அரசுத் தேர்வுப் பதிவு, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது... எல்லாமே என் கை வழியாகத்தான் போகும். மேலே சொன்ன விதிமுறைகள் மனப்பாடமானது அந்த ஸ்டூலில்தான்.

பத்திரிகையாளர் ஆகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பத்திரிகைக்காரர்கள் யாராவது கடைப்பக்கம் வந்தால் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன்.

“தீபத்துக்கு மறுநா பொறந்தேன்!”

அந்தக் கடையில் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது ஒரே ஒரு கட்டம்தான். பிறந்த தேதி.

“தாத்தா, நீங்க எப்ப பொறந்தீங்க?”

“தீபத்துக்கு மறுநா.”

“எந்த வருஷத்து தீபம் தாத்தா?”

“அது இன்னா வருஷமோ... பெரிய மழ பேஞ்சிதுன்னு எங்கம்மா சொல்லும்.”

கார்த்திகை தீபம்தான் எங்கள் ஊரின் காலண்டர். 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றி ஏற்றும் அந்தத் தீபம் 11 நாள் எரியும். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெரியவர்களுக்குக் கல்யாணம், கருமாதி, பிள்ளைப்பேறு எல்லாமே ‘தீபத்துக்கு முன்ன’, ‘தீபத்துக்குப் பின்ன’தான். கம்ப்யூட்டருக்கு இது புரியாது. அதற்கு நாள், மாதம், வருடம் என்று எண்களில் வேண்டும்.

முதலில் எரிச்சலாக வரும். பிறகு மெள்ள மெள்ள ஒரு வழி பிடிபட்டது. நேரடியாகத் தேதி கேட்கக் கூடாது. “எம்.ஜி.ஆர் செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா பெரியம்மா?” என்று கேட்க வேண்டும். “ஆயி, பெரியவனுக்கு அஞ்சு வயசு” என்பார்கள். எம்.ஜி.ஆர் மறைந்தது 1987 டிசம்பர். அப்படியானால் மூத்த பிள்ளை 1982 வாக்கில். “கல்யாணம் ஆகி எத்தினி தீபத்துக்கப்புறம் அவன் பொறந்தான்?” என்று அங்கிருந்து பின்னால் நடந்தால் போதும். இன்னொரு அடையாளம், ‘ஜில்லா பிரிஞ்ச வருஷம்’. வட ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-ல். கோயில், கலெக்டர் ஆபீஸ், எலெக்‌ஷன், பெருமழை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஞாபகம் தானாக வெளியே வரும்.

அப்படிக் கிடைத்த வருடத்தை அப்படியே கட்டத்தில் போட்டுவிட முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு பழைய வாக்காளர் அட்டை, பள்ளிக்கூட டி.சி. என்று ஏதாவது ஆதாரத்தைத் தேடச் சொல்வேன். தேதியோடு சேர்த்து கதையும் வரும். ஜவ்வாதுமலையிலிருந்து பேத்தியின் சாதிச் சான்றிதழுக்காக வந்த ஒரு பாட்டி, தன் கணவர் முதன்முதலாக மலையிறங்கி ஊரைப் பார்த்த நாளைச் சொன்னார். எழுத வேண்டிய கட்டம் ஒன்றுதான். கதையோ ஒரு மணி நேரம். கடைக்கார அண்ணன், “பாப்பா, க்யூ நிக்குது பார்!” என்று சத்தம் போடுவார்.

பழைய மேப்பை நம்பி வந்த பையன்

சமீபத்தில் டெஸ்க்கில் ஒரு நாள், “பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கவர் பண்ணணும். உங்க ஊர்தானே, நீயே போயிட்டு வா” என்றார்கள். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் தாண்டி செஞ்சி வழியாகப் போகும் பஸ். திண்டிவனம் போர்டைப் பார்த்ததும் ஒரு பையனின் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பையன். ஆனால், அவனை யாரும் பையனாக நினைத்துப் பார்ப்பதில்லை.

திருச்சுழியில் பிறந்த வெங்கட்ராமன். வயது 16. அப்பா இறந்த பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபக சக்தி இருந்தது. அதனாலேயே பாடத்தில் அக்கறை இல்லை. 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி, படிக்காமல் விட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது முறை எழுதும்போது நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற பொருளில் கடிந்துகொண்டார்.

ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். ‘அப்படியே பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு’ என்றார் அண்ணன். பையன் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு ரயிலேறினான்.

வீட்டில் இருந்தது பழைய அட்லஸ். அதன்படி திருவண்ணாமலைக்குக் கிட்டத்தில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம். 2 ரூபாய் 13 அணாவுக்கு அங்கே டிக்கெட் வாங்கினான். ஆனால், விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டு அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அட்லஸுக்கு அது தெரியாது. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் பையனுக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, காசு தீர்ந்து, கொஞ்ச தூரம் நடந்து, காதில் கிடந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி காலை ஊர் வந்து சேர்ந்தான். அவர்தான் ரமண மகரிஷி.

பக்தர்கள் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வார்கள். அது அவர்களின் உரிமை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அட்லஸ்தான் மனதில் நின்றது. ‘இதைப் படித்தால் இந்த வேலை’ என்று என் கையில் கொடுக்கப்பட்டதும் அப்படி ஒரு பழைய மேப்தான். கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் பாதை அப்படித்தான் இருந்தது. எனக்கும் வழியில் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொருவருக்காகப் படித்தவர்

ஊரில் இறங்கியதும் செங்கம் சாலையில் உள்ள ரமணாஸ்ரமத்துக்குப் போனேன். சிறு வயதில் மயில் பார்க்கப் போன இடம். இந்த முறை புத்தகக் கடையில் நின்று அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினேன். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்குத் தண்டனை வாங்கிய பையன் பிற்காலத்தில் தமிழ், மலையாளம், தெலுங்கு, சம்ஸ்கிருதம் என நான்கு மொழிகளில் செய்யுள் எழுதியிருக்கிறார். எந்தப் பள்ளியில் படித்தார்?

ஆரம்ப வருடங்களில் அவரைக் கவனித்துக்கொண்டவர் பழனிசாமி என்ற மலையாளி. அவருக்குத் தத்துவப் புத்தகங்கள் படிக்க ஆசை. ஊரில் இரவல் கிடைத்தவை தமிழ்ப் புத்தகங்கள். அவருக்கோ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் திணறுவதைப் பார்த்த இளைஞர், தானே வாங்கிப் படித்துச் சாரத்தை எடுத்துச் சொன்னார். அப்படித்தான் அந்தப் புத்தகங்கள் எல்லாம் அவருக்குள் போயின. தனக்குப் பரீட்சை என்றபோது உள்ளே போகாத படிப்பு, பக்கத்தில் இருப்பவரின் திணறலைப் பார்த்ததும் போயிருக்கிறது.

அவர் வேலை செய்த விதமும் சுவாரஸ்யமானது. ஆசிரமம் வளர்ந்த பிறகும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து சமையல்கட்டில் காய் நறுக்குவார். எதையும் வீணாக்க விடமாட்டார். இலை தைப்பார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்குவார். புத்தகம் பைண்டு செய்வார். அச்சுக்குப் போகும் புரூஃப் திருத்துவார். இதில் எதற்கும் அவரிடம் சான்றிதழ் கிடையாது.

நான் அந்த ஜெராக்ஸ் கடை ஸ்டூலை நினைத்துக்கொண்டேன். நான் அங்கே செய்ததும் அடுத்தவருக்காகப் படித்துச் சொல்லும் வேலைதான். அப்போது எனக்கு அது அவமானமாகத் தெரிந்தது.

கோர்ட்டில் கேட்ட பாட்டு, சமையற்காரர் படித்த பாட்டு

சாயங்காலம் பெரிய கோயில். 217 அடி ராஜகோபுரத்தின் வழியாக உள்ளே நுழைந்து கிளிகோபுரத்தின் கீழே நின்றேன். 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இங்கே கிளி உருவில் இருந்து பாடினார் என்பது ஊர் நம்பிக்கை. அவர் பாடிய திருப்புகழ் 16,000 பாடல்கள் என்பார்கள். இன்று கையில் இருப்பவை சுமார் 1,300. மற்றவை மறதியில் போய்விட்டன. இருப்பவையாவது எப்படிக் கிடைத்தன?

வ.த.சுப்பிரமணிய பிள்ளை என்று ஒருவர். நீதித்துறையில் வேலை பார்த்து, மாவட்ட முன்சீஃப் பதவி வரை உயர்ந்தவர். 1871-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் சிதம்பரம் தீட்சிதர்களின் வழக்கு ஒன்று வந்தது. அவர்கள் காட்டிய ஆதாரங்களில் ஒரு திருப்புகழ்ப் பாடலும் இருந்தது. அந்தப் பாட்டின் அழகு பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. எல்லாப் பாடல்களையும் தேடி அச்சிட்டுவிடுவது என்று கிளம்பினார். பகலில் கோர்ட் வேலை. மற்ற நேரத்தில் ஊர் ஊராக ஏட்டுச்சுவடிகளைத் தேடும் வேலை. முதல் பாகம் வெளிவந்தது 1894-ல். இரண்டாம் பாகம் 1901-ல். ஒரு பாட்டைக் கேட்டதற்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவே 23 வருடங்கள்!

அச்சான பாட்டு மக்கள் வாயில் ஏற வேண்டுமே. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஒரு சமையற்காரர். பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் வேலை. தீராத வயிற்றுவலியோடு பழனிக்குப் போனவர் அங்கே திருப்புகழைக் கேட்டார். தமிழ் எழுத்துகளையே பெரியவரான பிறகுதான் கற்றுக்கொண்டார் என்கிறது அவருடைய வரலாறு. பாட்டுகளைப் படிப்பதற்காகவே கற்றுக்கொண்ட எழுத்து. பிறகு திருவண்ணாமலைக்கு வந்தார். மலைமேல் இருந்த ரமணர் ஒரு நாள் அவரைக் கீழே இறங்கிப் போகச் சொன்னார். கீழே சேஷாத்ரி சுவாமிகள். ‘திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போ’ என்று அவர் வழிகாட்டினார். வள்ளிமலை சுவாமிகள் என்று நாம் அறிந்தவர் அவர்தான். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும் திருப்படித் திருவிழா அவர் தொடங்கி வைத்தது.

ஒருவர் கோர்ட்டில், இன்னொருவர் அடுப்படியில். அவர்கள் சம்பளம் வாங்கிய வேலை ஒன்று. அவர்களை நாம் நினைவில் வைத்திருக்கும் வேலை இன்னொன்று. ஆனால் கோர்ட்டில் வேலை பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு பிள்ளையின் கண்ணில் பட்டிருக்காது. சும்மா போனதாக நாம் நினைக்கும் இடங்களிலிருந்துதான் அடுத்த வழி வருகிறதோ என்னவோ!

மறைக்க நினைத்த இரண்டு வருடங்கள்

என் இன்டர்வியூவைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே!

ரெஸ்யூமேயில் அந்த இரண்டு வருடங்களுக்கு நேராக, ‘ஃப்ரீலான்ஸ்’ என்று போட்டிருந்தேன். எதிரில் இருந்த சீனியர் அதன்மேல் விரலை வைத்து, “இதுல என்ன பண்ணீங்க?” என்றார். ஏதாவது அளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. “ஜெராக்ஸ் கடையில ஃபார்ம் ஃபில்லப் பண்ணேன் சார்” என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

“எந்த மாதிரி ஃபார்ம்?”

சொன்னேன். தீபத்துக்கு மறுநாள் பிறந்த தாத்தாவைச் சொன்னேன். எம்.ஜி.ஆர் இறந்த வருடத்தை வைத்து வயதைக் கண்டுபிடிப்பதைச் சொன்னேன். ஜவ்வாதுமலைப் பாட்டியைச் சொன்னேன். உதவித்தொகைக்கு யார் யார் விண்ணப்பிக்கலாம் என்று அவர் கேட்டபோது, பார்க்காமல் ஒப்பித்தேன். 20 நிமிடம் நான்தான் பேசியிருப்பேன்.

“ஜனங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை ரெஸ்யூமேல எழுதாம விட்டுட்டீங்களே” என்றார் அவர். அடுத்த வாரம் மெயில் வந்தது.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல நான் யார்? நூலகத்து அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பார். அவர் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். வேலை கிடைக்காததற்குப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் என்று 20 லட்சம் பேர் விண்ணப்பிக்கும் நாட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளே, இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் சின்ன வேலையை ரெஸ்யூமேயில் மறைக்காதீர்கள். பெற்றவர்களே, அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் முன்னால் மட்டம் தட்டாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் நான் உட்கார்ந்திருந்ததை எங்கள் அம்மா இரண்டு வருடங்களும், ‘கம்ப்யூட்டர் வேலை’ என்றே ஊரில் சொன்னார். அந்தச் சின்னப் பொய்யில் எனக்கு எவ்வளவு கௌரவம் மிச்சமானது என்று அவருக்குத் தெரியாது.

ஆயாவின் கை

இரவு வீட்டுக்கு வந்தேன். பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் அலையலையாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆயா பூ கட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது வருடங்கள் கோயில் பக்கத்தில் பூ விற்றவர் ஆயா. படிப்பு இரண்டாம் வகுப்பு. மல்லி, கனகாம்பரம், சாமந்தி என்று உதிரிப்பூ வாங்கிக் கட்டி, முழம் போட்டு விற்றுத்தான் அம்மாவையும் மாமாவையும் வளர்த்தார். இப்போது விற்கப் போவதில்லை. ஆனாலும் அம்மா தினமும் கால் கிலோ உதிரிப்பூவும் வாழைநாரும் வாங்கி வைத்துவிடுவார். பூ மடியில் இருக்கும் நேரத்தில்தான் ஆயா பதற்றமில்லாமல் இருக்கிறார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கண் தெருவில் இருக்கிறது. கை தவறவில்லை. நேற்று நடந்ததைச் சேமிப்பது மூளையின் ஒரு பகுதி, கைப்பழக்கத்தைக் காப்பது வேறு பகுதி என்கிறது மருத்துவம். இந்த நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது நேற்றைய நினைவுகளை. பல வருடம் செய்து ஊறிய வேலை கையில் ரொம்ப நாள் தங்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டதையே கேட்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567-ல் ஆலோசனையும் கேட்கலாம். முடிந்தால் அவர்கள் கைக்குப் பழகிய வேலையை அவர்கள் மடியில் கொண்டுவந்து வையுங்கள்.

கடையில் கற்ற வித்தையை ஆயாவிடமும் போட்டுப் பார்த்தேன். “ஆயா, அம்மா எப்ப பொறந்துச்சு?”

“உங்கம்மாவா?” கை நிற்கவில்லை. “தீபத்துக்கு மூணு நா இருக்குது. கூடையில சாமந்தி. மாடவீதியில ஒக்காந்துக்கினு இருக்கேன், வலி வந்துடுச்சு. பூவ பக்கத்துக் கடைக்காரிகிட்ட குடுத்துட்டுப் போனேன். அவ ஒரு முழம்கூட விடாம வித்து, காச முடிஞ்சு கொண்டாந்து குடுத்தா. நல்ல மகராசி.”

இதுவரை அம்மாவுக்கே தெரியாத கதை இது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் ரெக்கார்டரை ஆன் செய்தேன். “அந்த வருஷம் மழையா ஆயா? யார் ஆட்சி?” என்று ஒவ்வொரு கொக்கியாகப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். இன்டர்வியூ எடுப்பதுதான் என் வேலை. இவ்வளவு நாளாக என் வீட்டுத் திண்ணையில் இருந்தவரை நான் பேட்டி எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பூ தீர்ந்தது. சரத்தைச் சுருட்டி என் கையில் வைத்தவர், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கண்ணு, வேலை கெடச்சிச்சா?”

“கெடச்சிடுச்சு ஆயா.”

“இன்னா வேலை?”

“உன்ன மாதிரி ஆளுங்க சொல்றத கேட்டு எழுதுற வேலை.”

“அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க?” என்று சிரித்தார் ஆயா. பிறகு, மலை இருக்கும் பக்கம் திரும்பி, சந்தோஷமாக ஒரு கும்பிடு போட்டார். நேற்றும் இப்படித்தான் கும்பிட்டாராம். அம்மா சொன்னார்.